கோட்டை போச்சு, அடுப்பு இருக்கு!

லீவு விட்டால் போதும், "எங்கேயாவது போகலாம்மா" என்று குழந்தைகள் முந்தானையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நாமும் ஊட்டி, கொடைக்கானல் என்று பேச்சைத் தொடங்குவோம். அறை வாடகை, வண்டி வாடகை, சாப்பாட்டுச் செலவு என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுவோம். அடுத்த வருஷமும் இதே பேச்சுதான். குழந்தைகள் மட்டும் ஒரு சாண் வளர்ந்திருப்பார்கள்!

அதிகச் செலவில்லாமல் கடல், கோட்டை, கோயில், காடு எல்லாவற்றையும் மூன்றே நாளில் காட்ட ஓர் இடம் இருக்கிறது. அதுதான் எங்கள் கடலூர் - சிதம்பரம் சீமை.

'எங்கள்' என்று சொன்னாலும் நான் இங்கே பிறந்தவள் இல்லை. சேலத்துப் பெண். 2003-ல் மஞ்சக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு வரும்வரை கடலை சினிமாவில்தான் அதிகம் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து பிறந்த வீட்டிலிருந்து யார் வந்தாலும் ஊரைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பாகிவிட்டது. கைக்குழந்தைக்காரி முதல் முழங்கால் வலி பெரியம்மா வரை எல்லாரையும் அழைத்துப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

வெளியூர்க்காரர்களுக்கு முதல் குழப்பமே இதுதான். கடலூர் என்பது ஒரே ஊர் மாதிரி தெரிந்தாலும், பழைய பட்டணம் ஒன்று, புதுப் பட்டணம் ஒன்று என்று இரண்டாக இருக்கிறது. 'ஓ.டி.' என்றால் முதுநகர், துறைமுகம் அங்கேதான். 'என்.டி.' என்றால் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம். ரயிலில் வருகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கினால் கோயிலும் கடைத்தெருவும் பக்கத்திலேயே. துறைமுகம் சந்திப்பில் இறங்கினால் முதுநகர். டிக்கெட் எடுக்கும்போதே பார்த்து எடுங்கள். மூட்டை முடிச்சோடு, தூங்கும் குழந்தையோடு, இறங்கின பிறகு ஆட்டோவுக்கு அலைய வேண்டாம் பாருங்கள்!

முதல் நாள்: கல் மிதந்த ஊர்

காலையில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் தொடங்குங்கள். பாதிரி மரம்தான் இங்கே தல விருட்சம். ஊர்ப் பெயரிலேயே அந்த மரம் இருக்கிறது. அம்பாள் பெயர் பெரியநாயகி. திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரை சேர்த்தது என்ற கதை நமக்கெல்லாம் தெரியும். அவர் கரையேறினதாகச் சொல்லும் இடத்துக்கு இன்றைக்கும் 'கரையேறவிட்டகுப்பம்' என்றுதான் பெயர். கதை கேட்ட கையோடு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் குழந்தைகளின் கண் விரிவதைப் பார்க்க வேண்டுமே!

அங்கிருந்து திருவந்திபுரம் கிட்டத்தில்தான். தேவநாத சுவாமி கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. எதிரே சின்ன மலைமேல் ஹயக்ரீவர் சந்நிதி. கல்விக்கு அதிபதி என்பதால் பரீட்சை சமயத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்மார்கள் வந்தபடி இருப்பார்கள். வேதாந்த தேசிகர் பல வருஷங்கள் வாழ்ந்த ஊர் இது. முகூர்த்த நாள் என்றால் கல்யாணக் கூட்டம் தாங்காது. முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மதியம் வீட்டிலோ விடுதியிலோ கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, வெயில் தணிந்ததும் தேவனாம்பட்டினத்துக்குக் கிளம்பலாம்.

ஒரு குண்டு விழுந்த தூரம்

தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றங்கரையில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது இடிபாடுகள்தான் மிச்சம். ஆனால் அதன் கதை பிரமாதம்!

1690-ல் செஞ்சியை ஆண்ட மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் பிற்பாடு ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கே இவர் பெயரை வைத்தார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதற்கு ஒரு விசித்திரமான ஒப்பந்தம். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டியது; குண்டு போய் விழும் தூரத்துக்குள் இருக்கிற கிராமமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்! சுட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது.

நான் இதைச் சொன்னபோது என் சித்தி கேட்டாள்: "அந்தக் கிராமத்துல இருந்தவங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களாடி?" நியாயமான கேள்விதான்!

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். கிளைவும் இங்கே கவர்னராக இருந்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்துத் தகர்த்தார். அத்தனை துப்பாக்கி, அத்தனை சண்டை, கடைசியில் மிஞ்சினது சுவர்த் துண்டுகள்.

வெள்ளிக் கடற்கரை

கோட்டைக்குப் பக்கத்திலேயே 'சில்வர் பீச்'. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போனால் காற்று அப்படி வீசும். சுண்டல், பஜ்ஜி, பலூன் எல்லாம் உண்டு. மணல் நீளமாக, விசாலமாக இருப்பதால் குழந்தைகள் ஓடி விளையாடலாம். ஆனால் ஓடுவது மணலில்தான் இருக்க வேண்டும், தண்ணீரில் இல்லை. வங்காள விரிகுடாவின் இந்தக் கரையில் அலை திரும்பும்போது இழுப்பு பலமாக இருக்கும். "கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்காதே" என்று என் மாமியார் எனக்குச் சொன்னதைத்தான் நானும் எல்லாருக்கும் சொல்கிறேன். கால் நனைப்பதானால் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் அளவோடு சரி. போட்டோ எடுக்கிற ஆசையில் குழந்தையின் கையை விட்டுவிடாதீர்கள்.

இதை நான் வெறும் பயத்தில் சொல்லவில்லை. நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அடுத்த வருஷம், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சுனாமி வந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தேவனாம்பட்டினமும் தப்பவில்லை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா அன்றைக்கு வீட்டைப் பறிகொடுத்தவர். வருஷா வருஷம் அந்த நாளில் அவர் கூடையைத் தூக்க மாட்டார். கடற்கரைக்குப் போய்ப் பாலை ஊற்றிவிட்டு வருவார். மறுநாள் வழக்கம்போல் "வஞ்சிரம் வேணுமாம்மா?" என்று வாசலில் குரல் கேட்கும். எங்கள் வீட்டில் வெளியூர்க் குழந்தைகளைப் பார்த்தால் தவறாமல் ஒன்று சொல்வார்: "கடலு நல்லதுதான். புள்ளைங்க கைய மட்டும் விட்டுடாதீங்க."

முதுநகர் வீராங்கனை

நேரமிருந்தால் முதுநகர்ப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அந்தத் தெருக்களில் நடக்கும்போது பெண் குழந்தைகளிடம் அஞ்சலையம்மாள் கதையைச் சொல்லுங்கள். 1890-ல் முதுநகரில் பிறந்தவர். 1927-ல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்துக்குச் சிறு பெண்ணாக இருந்த தன் மகளையும் அழைத்துப்போய், இருவருமே சிறைக்குப் போனார்கள். வேலூர்ச் சிறையில் இருந்தபோது கர்ப்பிணி. பரோலில் வந்து பிள்ளையைப் பெற்றுவிட்டு, அந்தப் பச்சைக் குழந்தையோடு மறுபடி சிறைக்குத் திரும்பினார். 1937-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரசவமான உடம்பு என்றால் என்னவென்று நமக்குத்தானே தெரியும்! கோட்டையைப் பிடித்தவர்களின் பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இவர் பெயரை நாமாவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

இரண்டாம் நாள்: அணையா அடுப்பு

சிதம்பரத்துக்கு நேர் ரோட்டில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்றால் வடலூர் வழியாகப் போங்கள். எல்லாரையும் நான் அப்படித்தான் அழைத்துப் போகிறேன்.

வள்ளலார் 1867-ஆம் வருஷம் மே 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தவர்களுக்குச் சோறு போட அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக எரிந்துகொண்டே இருக்கிறது! ஜாதி, மதம், ஊர், பேர் எதுவும் கேட்பதில்லை. பசி என்று வந்தால் இலை உண்டு. அக்கம்பக்கத்து விவசாயிகள் அரிசி மூட்டை, காய்கறி என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நாமும் ஒரு கிலோ அரிசியாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வரலாம்.

என் அண்ணி அந்த அடுப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு மறக்காது. "ராத்திரி பாத்திரம் தேய்ச்சு, அடுப்பைத் துடைச்சாதான் எனக்கு விடுதலை. இங்க அடுப்புக்கே லீவு இல்லையே!" எல்லாரும் சிரித்துவிட்டோம். சற்றுநேரம் கழித்து அவளே சொன்னாள்: "தினமும் ஒருத்தர் விறகு தள்ளினாதானே இத்தனை வருஷம் எரிஞ்சிருக்கும்? அவங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

தருமச்சாலைக்குப் பக்கத்தில் எட்டுக் கோணத்தில் கட்டிய சத்திய ஞான சபை இருக்கிறது. தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி தரிசனம் காட்டுவார்கள். முதல் தரிசனம் 1872-ல். அன்றைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் சாதாரண நாளாகப் பார்த்துப் போவது நல்லது.

சிதம்பரத்தில் சாயங்காலம்

வடலூரில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் வந்துவிடலாம். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும். அவசரப்படாமல் இளைப்பாறிவிட்டு, நடை திறந்ததும் போங்கள்.

நடராஜர் சந்நிதியில் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவதுதான் நம் வழக்கம். கோபுர வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். இருபுறச் சுவரிலும் பரதக் கலையின் 108 கரணங்களைச் சிலையாக வடித்திருக்கிறார்கள். ஆடுகிறவர்கள் யார் தெரியுமா? பெண்கள்! தஞ்சைப் பெரிய கோயிலில் இதே கரணங்களைச் சிவனே ஆடுவார்; இங்கே ஆடற்பெண்கள் ஆடுகிறார்கள். பாட்டு வகுப்பு, நாட்டிய வகுப்பு என்று பெண்ணை அனுப்புகிற அம்மாக்கள் கட்டாயம் காட்ட வேண்டியது இது. 1981-லிருந்து மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறது. ஊர் ஊரிலிருந்து வந்து ஆடுவார்கள்.

ஒரே இடத்தில் நின்று நடராஜரையும் கோவிந்தராஜப் பெருமாளையும் சேவிக்கலாம் என்பது இந்தக் கோயிலின் தனிச் சிறப்பு. சிதம்பர ரகசியத்தையும் பாருங்கள். திரையை விலக்கினால் பொன் வில்வ மாலை தொங்கும், மற்றபடி வெறும் வெளிதான். ஐந்து பூதங்களில் ஆகாயத்துக்கு உரிய தலம் அல்லவா! "உள்ள ஒண்ணுமே இல்லையே பாட்டி?" என்று என் மகன் கேட்டபோது, "அந்த ஒண்ணுமில்லாததைத்தாண்டா கும்பிடறோம்" என்றார் என் மாமியார். அதற்கு மேல் எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

சிதம்பரம் வந்துவிட்டுக் கொத்சு சாப்பிடாமல் போவதா? சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும் இந்த ஊருக்கே உரிய ஜோடி. மிளகு, சீரகத்தை வறுத்துப் பொடித்து, நெய்யோடு சாதத்தில் கலந்தால் சம்பா சாதம். கொத்சுக்குத் தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயத்தை வறுத்துப் பொடி செய்துகொள்ளுங்கள். பிஞ்சுக் கத்திரிக்காயை நல்லெண்ணெயில் குழைய வதக்கி மசித்து, புளிக்கரைசல் விட்டு, உப்பு, மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்க விடுங்கள். பொடியைத் தூவி, எண்ணெய் மிதக்கும்வரை சுண்டவைத்து இறக்கினால் கொத்சு தயார். இட்லிக்கும் பொங்கலுக்கும் ஏற்ற துணை.

மூன்றாம் நாள்: தில்லைவனம்

சிதம்பரத்துக்குத் தில்லை என்று ஏன் பெயர்? ஒரு காலத்தில் இந்த இடமே தில்லை மரக் காடு. இப்போது ஊரைச் சுற்றிக் கட்டடங்கள்தான். தில்லை மரத்தைக் காட்டாகப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே கிள்ளையைத் தாண்டிப் பிச்சாவரம் போக வேண்டும்.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்த சதுப்புநிலக் காடு இது. 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தில் பார்த்த ஞாபகம் பெரியவர்களுக்கு இருக்கும். காலை இளவெயிலில் போய்விடுங்கள். துடுப்புப் படகு, மோட்டார் படகு இரண்டும் உண்டு. குறுகலான கால்வாய்களுக்குள் மரக்கிளைகள் குடை பிடிக்கிற மாதிரி வளைந்திருக்கும் இடங்களுக்குத் துடுப்புப் படகுதான் லாயக்கு. மிதவை உடுப்பைக் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். புடவைக்கு மேல் நன்றாக இருக்காதே என்று யோசிக்க வேண்டாம்!

சுரபுன்னை மரத்தைப் படகோட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அதன் விதை, தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீளமாக வளர்ந்துவிடுகிறது. பிறகுதான் கீழே விழுந்து சேற்றில் குத்திட்டு நிற்கும். உப்புத் தண்ணீரில் சின்ன விதை பிழைப்பது கஷ்டம் என்று, தாய் கொஞ்சம் வளர்த்தே அனுப்புகிறது! தில்லை மரத்தைக் கண்டால் மட்டும் கண்ணால் பார்த்தால் போதும். கிள்ளினால் வரும் பால் தோலில் பட்டால் கொப்புளம் வரும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் நிறையக் கழுவி, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இந்தக் காட்டை வெறும் அழகுக்காக மட்டும் நான் காட்டுவதில்லை. 2004 சுனாமியில், கடலோரத்தில் வெட்டவெளியாக நின்ற ஊர்கள் பெரும் சேதம் கண்டன. இந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களிலோ சேதம் குறைவு. பின்னிக் கிடக்கும் வேர்களும் அடர்ந்த மரங்களும் அலையின் வேகத்தை உறிஞ்சிக்கொண்டன என்று பிறகு ஆராய்ச்சி செய்தவர்களும் எழுதினார்கள்.

அந்தக் காடும் தானாகப் பிழைத்துக் கிடக்கவில்லை. முன்பு மரங்களைக் கூட்டமாக வெட்டின இடங்கள் பள்ளமாகிவிட்டன. அலையோடு வந்த தண்ணீர் அங்கே தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போனது. அடுப்பில் வைத்து மறந்த ரசம் சுண்டினால் கரிக்குமே, அது மாதிரிதான்! அங்கே எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் ஜனங்களோடு சேர்ந்து, மீன் முள் மாதிரி கிளைக் கால்வாய்கள் வெட்டினார்கள். தண்ணீர் வந்து திரும்பிப் போக வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது, கன்றுகள் பிடித்துக்கொண்டன. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றாகப் பிச்சாவரம் அறிவிக்கப்பட்டது. பாலிதீன் பையையும் பிஸ்கட் உறையையும் அந்தத் தண்ணீரில் போடாமல் வருவது நாம் செய்யக்கூடிய உபகாரம்.

கிளம்புமுன் கவனிக்க

* டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சௌகரியமான காலம். அக்டோபர், நவம்பர் மழையிலும் புயலிலும் இந்தக் கரைக்கு வராமல் இருப்பது நல்லது. சித்திரை, வைகாசி வெயில் குழந்தைகளுக்கு ஆகாது.

* காய்ச்சி ஆறின தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சோர்வு அதிகமானால் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம்.

* முதல் வேளைக்குப் புளிச்சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் போதும். மூன்று நாளைக்கும் சமையலறையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

* பையைக் காவல் காப்பது, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது, செருப்பைப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் அம்மாவுக்கு மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தையும் காட்டையும் நீங்களும் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

திரும்பி வந்ததும் குழந்தைகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "பார்த்ததிலே எது பலமா இருந்தது?" கோட்டை என்றுதான் முதலில் சொல்ல வாயெடுப்பார்கள். பீரங்கி வைத்துக் காத்த அந்தக் கோட்டை இன்றைக்கு இல்லை. தினமும் யாரோ விறகு தள்ளின அடுப்பு இருக்கிறது. யாரோ சேற்றில் இறங்கி வாய்க்கால் வெட்டின காடு இருக்கிறது. யோசித்துப் பார்த்து அவர்களே பதில் சொல்லட்டும். நாம் அவசரப்பட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.